முதல் காதல், பிரிவு, மறுசந்திப்பு: வேலூரை வைத்துக் காதல் நாவல் எழுதத் தொடங்குவோருக்கு

பிரிந்த காதலர் மீண்டும் சேரும் மறுவாய்ப்புக் கதையை எழுத உட்காரும் புதியவர்களில் பலர் சந்திப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். காட்பாடி ஜங்ஷன், மழை, ஒரே குடை, பதினொரு வருடம் கழித்து அதே கண்கள். முதல் மூன்று அத்தியாயம் ஓடிவிடும். எட்டாவதில் கை நிற்கும். இருவரும் எதற்காகப் பிரிந்தார்கள் என்பது எழுதுகிறவருக்கே இன்னும் தெளிவாகாததுதான் அதற்குக் காரணம். இருபது வயதில் காதல் வந்ததற்கு வாசகர் காரணம் கேட்கமாட்டார். பிரிந்ததற்குக் கேட்பார். மறுபடி சேர்ந்ததற்கு இன்னும் கறாராகக் கேட்பார்.

பிரிவுக் காட்சிதான் முதல் வேலை

ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். பிரிவுக் காட்சியை மட்டும் 1,500 சொல்லில் எழுதுங்கள். எந்த இடம், என்ன கிழமை, கடைசியாகப் பேசியது யார், யார் எதைச் சொல்லாமல் விழுங்கினார்கள். நாவலில் இது பாதிக்கு மேல்தான் வரும். ஆனால் முதல் அத்தியாயத்தில் அவள் அவனைப் பார்த்ததும் எதற்காக முகத்தைத் திருப்புகிறாள் என்பது உங்களுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை வையுங்கள். மறுநாள் காலையில் ஒரே ஒரு போன் பேசியிருந்தால் இந்தப் பிரிவு தீர்ந்திருக்குமா? ஆமாம் என்றால் அந்தக் காரணம் நாற்பது அத்தியாயத்தைத் தாங்காது. தோழி மாற்றிச் சொன்ன பொய், யாரோ அனுப்பிய போட்டோ, கைக்குப் போய்ச் சேராத கடிதம் எல்லாம் இந்த ரகம். அவற்றை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. பொய்யை அவன் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினான், ஏன் அவளிடம் நேரில் கேட்கவில்லை என்பதைக் காரணமாக்குங்கள். அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகாதவன், வீட்டுக் கடனை அவளிடம் மறைத்தவன், அவள் தன்னைவிட நன்றாகப் படிப்பதில் உள்ளுக்குள் சுருங்கியவன்: இப்படி ஆளின் குணத்திலிருந்து பிரிவு வந்தால், அந்தக் குணம் மாறியதைக் காட்டி அவர்களைச் சேர்க்க முடியும். சூழ்நிலை மட்டும் மாறிச் சேர்ந்தால், புத்தகத்தை மூடும்போதே வாசகர் நினைப்பார்: "இன்னும் ரெண்டு வருஷத்துல மறுபடியும் விட்டுட்டுப் போயிடுவான்." இந்த வகைக் கதைகள் தோற்பதில் பெரும்பகுதி இங்கேதான்.

வடார்க்காட்டில், அதாவது வேலூர் வட்டாரத்தில், பிரிவுக்கான காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் போகும் ஊர்கள் இங்கே உண்டு. ஆள்சேர்ப்பில் தேறியவன், "லீவுல வந்து வீட்ல பேசுறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறுவது நிஜமான பிரிவு. நர்சிங் முடித்து வெளிநாடு போகும் பெண்ணின் பிரிவும் அப்படித்தான். கொஞ்சம் பழைய காலம் வேண்டுமென்றால் தோல் தொழில் இருக்கிறது. பாலாற்றுப் படுகைக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு வசதி செய்யாத தோல் தொழிற்சாலைகள் மூடப்பட வேண்டும் என்றானது. வேலை போன வீடு ஊர் மாறும். கடன்பட்ட அப்பா மகளுக்கு அவசர அவசரமாக வரன் பார்ப்பார். அன்று இருபது வயதில் பிரிந்த இருவர் இன்று ஐம்பதில் சந்திக்கிறார்கள் என்றால், அதற்கு இதைவிட உறுதியான அடித்தளம் கிடைக்காது. ஐம்பது வயதுக் காதலை எழுத இன்னும் நிறைய இடம் காலியாகவே கிடக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மழுப்பக் கூடாது. பிரிவுக்குச் சாதிதான் காரணம் என்றால் அதை "அந்தஸ்து" என்று மாற்றி எழுதாதீர்கள். பணக்கார அப்பா, ஏழைப் பையன் என்று வேடம் மாற்றினால், பையன் சம்பாதித்துக் காரில் வந்து இறங்கியதும் சிக்கல் தீர்ந்துவிடும். சாதி அப்படித் தீராது. சாதிப் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. எந்தத் தெரு என்று கேட்கும் கேள்வி, தண்ணீர் கொடுக்க எடுக்கும் டம்ளர், பத்திரிகை வைக்கப் போகாத வீடு இவை போதும், இந்தப் பக்கத்து வாசகருக்குப் புரிந்துவிடும். அப்படிப்பட்ட கதையில், அன்று எதிர்த்த அதே வீட்டாருடன் இன்று ஒரு காட்சியாவது இருக்க வேண்டும். அவர்கள் மனம் மாறியே தீர வேண்டும் என்றில்லை. அன்று தலைகுனிந்து வெளியே வந்தவன் இன்று அங்கே என்ன பேசுகிறான் என்பதுதான் முக்கியம்.

வருடக் கணக்கு

ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: வருடம், அவள், அவன். மாதிரிக்கு இருவரும் 1993இல் பிறந்தவர்கள் என்று வைப்போம். 2010 மார்ச்சில் பிளஸ் டூ, 2013இல் டிகிரி, 2014 மே மாதம் பிரிவு, 2025 ஜூலையில் சந்திப்பு. இடையில் உள்ள பதினொரு வருடத்துக்கும் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் யார் இறந்தார், எந்த வரன் தட்டிப்போனது. பதினொரு வருடமும் அவனையே நினைத்து ஜன்னலோரம் நின்றவளாக நாயகியை வைத்தால் அவள் மனுஷியாக நிற்கமாட்டாள். அவன் இல்லாமலும் அவள் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு ஸ்கூட்டியாவது தவணை கட்டி முடித்திருக்க வேண்டும்.

தாள் தயாரானதும் கால விவரங்களைச் சரிபாருங்கள். 2018 வரை பிளஸ் டூ மதிப்பெண் 1,200க்கு. 2019 முதல் 600க்கு. 2010இல் எழுதியவள் "ஐந்நூத்தி எண்பது எடுத்தேன்" என்று பெருமைப்பட்டால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே நிற்பார். வாட்ஸ்அப்பில் நீல டிக் 2014 நவம்பரில்தான் வந்தது. மே மாதப் பிரிவில் அதை வைத்து அழ முடியாது. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதற்கு முந்தைய காதலுக்கு மிஸ்டு காலும் ரீசார்ஜ் கடையும் வேண்டும். 2014இல் அவள் பஸ் செலவுக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாயை அவன் செலவழிக்காமல் பர்ஸில் வைத்திருந்தால், 2016 நவம்பர் 8க்குப் பிறகு அது செல்லாத நோட்டு. அதை அவன் மாற்றினானா, மாற்றவில்லையா? இரண்டு பக்கம் வசனம் சொல்லாததை அந்த ஒரு நோட்டு சொல்லிவிடும்.

மாவட்டப் பெயரிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2014இல் ஆம்பூர் வேலூர் மாவட்டம். 2025இல் திருப்பத்தூர் மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் வேலையாக நாயகன் எங்கே அலைய வேண்டும் என்பதே மாறிவிடும்.

பள்ளிக்கூடக் காதல் என்றால் பார்வை, பேச்சு, சைக்கிள், கைமாறும் நோட்டு இவற்றோடு நிறுத்துங்கள். 18 வயது நிரம்பாதவர்களை வைத்து அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். கல்லூரியில், 19, 20 வயதில் காதல் மலர்வதாக வைத்தால் உங்களுக்கும் எழுத வசதி.

ஊர் கதைக்குள் வரவேண்டும்

நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். மூன்றாவது 1981இல் பொய்யாகிப் போனது. நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்த கோட்டைக் கோயிலுக்குள், சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் லிங்கத்தைக் கொண்டுவந்து அந்த வருடம் வைத்தார்கள். மறுவாய்ப்புக் கதை எழுத இந்த ஊர் ஏற்றது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனால் கோட்டையின் வரலாற்றை அரைப்பக்கம் எழுதி அதன்கீழ் காதலர்களை உட்கார வைக்காதீர்கள். மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை வரவையுங்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது மாறியிருக்கட்டும். பாலாற்றுப் பாலம் நல்ல தேர்வு. 2014 மே மாதம் பிரியும்போது கீழே வெறும் மணல். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியது. அன்று பாலத்தில் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் அவள் தனியாக நின்றிருக்கலாம். மூன்றாவது முறை இருவரும். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து பாலையாகும் என்று அகத்திணை மரபு சொல்கிறதே, அதை நம் கண்முன் காட்டும் ஆறு இது. குறிஞ்சி வேண்டுமென்றால் முருகன் வள்ளியைக் கண்டதாகச் சொல்லும் வள்ளிமலை காட்பாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

நேரமும் முக்கியம். மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மதியம் இரண்டு மணிக்குக் கோட்டை மதில்மேல் காதலர்களைக் கைகோத்து நடக்கவிட்டால் அது வேலூர் இல்லை. மாலை ஐந்தரைக்கு மேல் அகழி ஓரப் பூங்காவில் உட்கார வையுங்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் லாட்ஜுகளிலும் கடைகளிலும் வங்காளி எழுத்துப் பலகைகள் தொங்கும். அங்கே மருந்துக் கடையில் வேலை செய்யும் பெண் நாலு வார்த்தை வங்காளி பேசுவாள். இந்த ஒரு விவரம் போதும், கதை வேறு எந்த ஊருக்கும் போகாது.

பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் என்பதால் ஒரு வழுக்கலும் உண்டு. முப்பதாவது அத்தியாயத்தில் நாயகனுக்கு விபத்து, ஐ.சி.யூ. வாசலில் நாயகி கதறல், கண் விழித்ததும் சமாதானம். மன்னிப்பு செய்ய வேண்டிய வேலையைக் குளுக்கோஸ் பாட்டில் செய்துவிடுகிறது. அவன் பிழைக்க வேண்டும் என்று அவள் நினைப்பது வேறு, அவனோடு வாழ வேண்டும் என்று நினைப்பது வேறு. தற்செயல் ஒன்றுதான் அனுமதி, அதுவும் முதல் சந்திப்புக்கு.

நீ, நீங்க

தமிழில் எழுதுகிறவருக்கு முன்னிலைச் சொல்லே பாதி வேலையைச் செய்து தரும். கல்லூரியில் "வாடா போடா" என்று பேசியவள் பதினொரு வருடம் கழித்து எப்படிக் கூப்பிடுவாள்? "கதிர்! நீயா! எத்தனை வருஷமாச்சு!" என்று தொடங்கினால் பிரிவின் பாரம் முதல் வரியிலேயே காணாமல் போகும். அதையே மருந்துக் கடை கவுன்டரில் இப்படி வைத்துப் பாருங்கள்:

சீட்டை வாங்கியவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பேஷன்ட் பேரு?"

"லட்சுமி."

"உங்களுக்கு என்ன வேணும் அவங்க?"

"அம்மா." கதிர் கொஞ்சம் நிறுத்தினான். "உனக்கு... உங்களுக்குத் தெரியுமே."

அவள் மாத்திரை அட்டைகளை எண்ணி, கத்தரித்து, கவரில் போட்டாள். காலை ஒன்று, இரவு ஒன்று என்று மேலே எழுதினாள். நான்காவது கவரில் பேனா நின்றது.

"அத்தைக்குச் சுகர் எப்பலேர்ந்து?"

"நீங்க" என்று தள்ளி நிறுத்தியவள் "அத்தை" என்பதில் வழுக்கிவிட்டாள். அவளுக்கே அது தெரியும், அவனுக்கும் தெரியும். இதற்குப் பிறகு, "அவள் மனதில் ஆயிரம் அலைகள்" என்று விளக்கம் எழுதிக் கெடுக்காதீர்கள். அவளுடைய முதல் "நீ" எந்த அத்தியாயத்தில் வரும் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அது கோபத்தில் வந்தால் நல்லது. கோபத்தில் வந்த "நீ" அப்படியே தங்கிவிடுவதை வாசகர் கவனிப்பார்.

வட்டார வழக்கை அளவோடு தூவுங்கள். இன்னா, இட்டுனு, வந்துகினு, நைனா, ஆயா இவை இந்த மண்ணின் சொற்கள். எல்லா வசனத்திலும் திணித்தால் கேலி செய்வது போலாகும். படித்து வேலை பார்க்கும் நாயகன் ஆபீஸில் ஒரு மாதிரி பேசட்டும். அம்மாவிடமும் ஆத்திரத்திலும் வீட்டுப் பேச்சு வரட்டும். குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும், வாணியம்பாடி, ஆம்பூரில் உருது பேசும் குடும்பங்களும் நிறைய. தோழி வீட்டுக்குள் போகும் காட்சியில் அது காதில் விழ வேண்டும்.

அத்தியாயக் கணக்கு

முதல் நாவலுக்கு 40 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,400 சொல், மொத்தம் 56,000. அச்சில் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் என்று கொண்டால் 280 பக்கம். மூன்று அத்தியாயத்துக்குள் சந்திப்பு முடிந்துவிட வேண்டும். நாலு முதல் பன்னிரண்டு வரை, இருவரும் ஒருவரை ஒருவர் தவிர்க்க முடியாத ஒரு வேலையில் மாட்டட்டும்: அம்மாவின் சிகிச்சை, நண்பன் கல்யாணம், பாகப்பிரிவினை எதுவானாலும் சரி. பழைய கதை அதன் ஊடே வரும். பிரிவுக் காட்சி 21 அல்லது 22இல். மன்னிப்பு 31க்கு முன்னால் வேண்டாம்.

ஃப்ளாஷ்பேக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பத்தாவது அத்தியாயத்தில் பழைய கதைக்குள் நுழைந்து இருபத்திரண்டில் வெளியே வந்தால், நிகழ்காலத்தில் கதை எங்கே நின்றது என்று வாசகருக்கு மறந்திருக்கும். தொடர்ந்து இரண்டு அத்தியாயத்துக்கு மேல் பழைய காலத்தில் இருக்காதீர்கள். எல்லாம் சேர்த்தும் நாவலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு நினைவும் ஒரு பொருளிலோ வாசனையிலோ தொடங்கட்டும். அது முடிந்து திரும்பும்போது நிகழ்காலத்தில் ஒரு முடிவு மாறியிருக்க வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் அந்த நினைவை வெட்டிவிடலாம்.

மறைத்து வளர்த்த குழந்தையைக் கதையில் வைப்பவர்கள், பிறந்த மாதத்தைப் பிரிந்த மாதத்தோடு விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பள்ளி சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பா பெயர் இடத்தில் அவள் என்ன எழுதினாள் என்பதற்கும் பதில் வைத்திருங்கள்.

மன்னிப்பு

"ஸாரி, ஆனா அன்னைக்கு என் நிலைமை..." என்று தொடங்குவது விளக்கம்தான். மன்னிப்புக் காட்சியில் "ஆனா" என்ற சொல்லே வரக் கூடாது. அவன் என்ன செய்தான் என்பதை அவன் வாயாலேயே, குறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால் அவளுக்கு என்ன ஆனது என்பது தனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். பிறகு பதிலை வற்புறுத்தாமல் எழுந்து போக வேண்டும். இதற்கும் அவள் சம்மதிப்பதற்கும் நடுவில் குறைந்தது நாலு அத்தியாயம் விடுங்கள். அந்த இடைவெளியில் அன்று தோற்ற அதே சோதனை அவனுக்கு மறுபடி வரட்டும். அப்பாவுக்குப் பயந்து ஓடியவன் என்றால் அப்பா முன்னால். கடனை மறைத்தவன் என்றால் இன்னொரு பணச் சிக்கலில். இம்முறை வேறு மாதிரி நடக்கிறான் என்பதை அவளிடம் யாரும் போய்ச் சொல்லக் கூடாது. அவளே பார்க்க வேண்டும்.

கை நீட்டியவனையும், விருப்பமில்லாமல் தொட்டவனையும் "அவ்வளவு ஆசை" என்று சொல்லி நாயகனாக்கும் கதைகள் நிறைய வருகின்றன. அதை எழுதாதீர்கள். படிக்கிறவர்களில் அதை வீட்டில் அனுபவிப்பவர்கள் இருக்கிறார்கள். அடித்தவனுக்கு மறுவாய்ப்பு தர மறுத்து, அவள் வேறு வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பதும் மறுவாய்ப்புக் கதைதான்.

பிரிந்தவர்கள் கணவன் மனைவி என்றால்

சட்ட விவரத்தைச் சரியாக வையுங்கள். இந்துத் திருமணச் சட்டப்படி இருவரும் ஒத்துப் பிரிவதற்கு, ஒரு வருடமாவது தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாத அவகாசம் உண்டு. தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. அந்த ஆறு மாதமே ஒரு முழு நாவலுக்கான களம். மனுவைத் திரும்பப் பெற்றால் திருமணம் அப்படியே நீடிக்கும். தீர்ப்பு வந்த பிறகு சேர்ந்தால் மறுபடி தாலி கட்டி, மறுபடி பதிய வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஓடிப்போய் அன்றே ரிஜிஸ்டர் செய்தார்கள் என்று அதில் எழுத முடியாது.

வெளியிடும்போது

இணையத்தில் தொடராகப் போடுவதாக இருந்தால் 12 அத்தியாயம் கையிருப்பில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்று யூடி (அப்டேட், அதாவது புது அத்தியாயம்) என்றால் அது ஒரு மாதத்துக்கு வரும். காய்ச்சலோ கல்யாண வீடோ வந்தால் தொடர் நிற்காது. பதினைந்தாவது எபிசோடிலேயே "சீக்கிரம் சேர்த்து வைங்க" என்று கமெண்ட் வரும். கதை பிடித்திருப்பதால்தான் கேட்கிறார்கள். நன்றி சொல்லுங்கள், ஆனால் மன்னிப்புக் காட்சியை முன்னால் இழுக்காதீர்கள்.

தட்டச்சு தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த 56,000 சொல்லைப் பிறகு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டிவரும். வசனங்களை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் எழுத்துத் தமிழ் புகுந்திருக்கும்.

தொடர் முடிந்து கிண்டிலில் போடும்போது கேடிபி (அமேசானில் நாமே புத்தகம் வெளியிடும் தளம்) தரும் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால், அந்த 90 நாளும் நாவல் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. இலவசமாகப் போட்ட அத்தியாயங்களை முதலில் நீக்குங்கள், தேடுபொறியில் தலைப்பைப் போட்டு எங்கும் மிச்சமில்லை என்று பாருங்கள், அதன்பிறகு செலக்ட் பெட்டியில் டிக் போடுங்கள். வாசகரை இழுக்க முதல் மூன்று அத்தியாயத்தை விட்டுவைக்கலாமே என்று தோன்றும். கிண்டிலே முன்பகுதியை மாதிரியாகக் காட்டும், அது போதும்.